ஜீப்புக்குப் பெரிய டயர் பூட்ட முதல் கியர்பொக்ஸ் சூட்டைப் பாருங்கோ

வணக்கம். இண்டைக்கு ஒட்டோமெட்டிக் கியர் ஜீப்புகளுக்குப் பெரிய டயர் பூட்டுறதைப் பற்றிக் கதைப்பம். பிராடோ, மொன்டெரோ, ஃபோர்ச்சூனர், எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்டுதான். டயர் மாத்தேக்க எல்லாரும் மட்கார்டில உரசுமா, ஸ்டியரிங்கை முழுசா வெட்டினா எங்கயும் முட்டுமா எண்டு பாக்கினம். கியர்பொக்ஸ் ஒயில் எத்தனை பாகைக்குப் போகுது எண்டு பாக்கிற ஆக்கள் குறைவு. பெரிய செலவு வாற இடம் அதுதான்.

முதல்ல சைஸ். இங்க இலங்கையில ஓடுற கனக்க ஜீப்புகளில கம்பனியில இருந்து வாறது 265/65 ஆர்17. அதின்ர உயரத்தைக் கண்டுபிடிக்கிறது லேசு. 265ஐ 0.65ஆல பெருக்குங்கோ, வாறதை ரெண்டு மடங்காக்குங்கோ, 17 அங்குல றிம்முக்கு 432ஐக் கூட்டுங்கோ. கிட்டத்தட்ட 776 மில்லிமீற்றர் வரும். 265/70 ஆர்17 எண்டா 803. அது 3.4 வீதம் பெருசு. 285/70 ஆர்17 எண்டா 831, சரியா 7 வீதம் பெருசு. கடையில ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தா 28 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், கண்ணுக்குப் பெருசாத் தெரியாது. கியர்பொக்ஸுக்கு அது நல்லாத் தெரியும்.

7 வீதம் எண்டா என்ன நடக்குது? உங்கட டிஃப், அதாவது சில்லுகளுக்கு விசையைப் பிரிச்சுக் குடுக்கிற பல்லுப் பெட்டி, அதின்ர பல் விகிதம் 3.9 எண்டு வச்சுக்கொள்ளுவம். 831 டயர் பூட்டின உடனே அது 3.65 டிஃப் மாதிரி வேலை செய்யத் தொடங்கும். அதே ஏத்தத்தில அதே பாரத்தைத் தள்ள, கியர்பொக்ஸ் 7 வீதம் கூடின முறுக்கு விசையைக் குடுக்க வேணும். அதோட நிறை. சாதாரண றோட்டு டயரை விட, பக்கச்சுவர் தடிச்ச எல்டி (இலகு லொறி) வகை ஓல் டெரெய்ன் டயர் ஒண்டு 6, 7 கிலோ, சிலது அதுக்கும் மேல கூட நிறுக்கும். அந்த நிறை சுத்துற இடத்தில இருக்கு, அதுவும் வெளி விளிம்பில. காலி வீதியில பம்பலப்பிட்டியில இருந்து வெள்ளவத்தைக்குப் போறதுக்குள்ள எத்தனை தரம் நிண்டு எழும்புறீங்கள்? ஒவ்வொரு தரமும் அந்தச் சில்லை நிலையில இருந்து சுத்த வைக்க வேணும்.

சூடு எங்க பிறக்குது எண்டதை விளங்கிக்கொண்டா மிச்சம் எல்லாம் லேசு. இஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில டோர்க் கன்வேர்ட்டர் இருக்கு. உள்ள ஒயில்தான் விசையைக் கடத்துது. ஒரு பக்கம் வேகமாச் சுத்த, மற்றப் பக்கம் பின்தங்கி வரும். அந்த இடைவெளி முழுக்கச் சூடாகும். ஏத்தத்தில இஞ்சின் 60 கிலோவொட் குடுக்குது, கன்வேர்ட்டர் 85 வீதம்தான் கடத்துது எண்டு எடுங்கோ. மிச்சம் 9 கிலோவொட் ஒயிலுக்குள்ள சூடா இறங்குது. குசினியில இருக்கிற எலக்ட்ரிக் கேத்தல் நாலஞ்சை ஒண்டாப் போட்டுவிட்ட மாதிரி. ஆனா வேகம் எழும்பி லொக்-அப் கிளட்ச் பிடிச்சிட்டா ரெண்டு பக்கமும் ஒண்டாச் சுத்தும், அந்தச் சூடு கிட்டத்தட்ட நிண்டுபோகும். பெரிய டயர் செய்யிற கெடுதல் இதுதான்: உயர் கியரில இஞ்சினால இழுக்க ஏலாமப் போக, கொம்பியூட்டர் லொக்-அப்பைத் திரும்பத் திரும்ப விட்டிடும்.

சரி, எத்தனை பாகை நல்லது? ஓடேக்க ஒயில் 80இல இருந்து 95 வரை நிண்டா சுகம். ஏத்தத்தில 105 தொட்டு, இறக்கத்தில திரும்பக் குறைஞ்சாப் பயமில்லை. 110இல நிண்டு குறையாம இருந்தா ஓடுற விதத்தை மாத்துங்கோ. 120 வந்தா ஓரமா நிப்பாட்டுங்கோ. அதுக்கு மேல ஒயில் கெட்டு, வால்வுகளில பிசின் மாதிரிப் படியும், றப்பர் சீல் இறுகும், கடைசியில கிளட்ச் தட்டு வழுக்கும். டாஷ்போர்ட்டில சூட்டு லைட் இருக்குத்தானே எண்டு இருக்காதேங்கோ. அது மிச்சம் பிந்தித்தான் எரியும்.

அதால டயர் வாங்க முதல், வாகனக் கொம்பியூட்டரை வாசிக்கிற ஓபிடி புளூடூத் கருவி ஒண்டு வாங்குங்கோ. ஃபோனில ஒரு அப் போட்டு, உங்கட வாகனத்துக்குரிய கியர்பொக்ஸ் ஒயில் சூட்டைத் தெரிவு செய்யுங்கோ. டொயோட்டா சிலதில ரெண்டு சென்சர் இருக்கும். கன்வேர்ட்டர் பக்கத்துச் சென்சர் ஏத்தத்தில சட்டெண்டு ஏறும், ஒயில் தட்டுப் பக்கத்தது ஆறுதலா ஏறும். ரெண்டையும் பாருங்கோ. இப்ப இருக்கிற பழைய டயரோடயே கண்டி வீதியில கடுகண்ணாவை ஏத்தம் ஒருக்கா, பின்னேரம் வேலை விடுற நேரம் டூப்ளிகேஷன் ரோட்டில ஒருக்கா ஓடி, ஆகக் கூடின எண்ணை எழுதி வையுங்கோ. பழைய டயரிலயே 105க்கு மேல போற கியர்பொக்ஸ் எண்டா அங்க ஏற்கனவே ஒரு பிழை இருக்கு. அதைத் திருத்தாமப் பெரிய டயர் பூட்டக் கூடாது.

என்ர அபிப்பிராயம் இது. 3, 4 வீதம் வரை பெருசாக்கிறதுக்கு ஒயில் நல்லா இருந்தா, காத்து சரியா இருந்தா, வேற ஒண்டும் தேவையில்லை. கொழும்பில ஓடி, வருஷத்தில ரெண்டு மூண்டு தரம் மலைநாட்டுக்குப் போற ஆளுக்கு 265/70 தாராளம். 7 வீதத்துக்குப் போறீங்கள் எண்டா கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிராக்கிற கூலர் ஒண்டு மேலதிகமா வேணும், டிஃப் பல் மாத்துறதைப் பற்றியும் யோசிக்க வேணும். கூலர் பிறந்த சூட்டைத்தான் வெளிய அனுப்பும். சூடு பிறக்கிறதைக் குறைக்கிறது டிஃப் பல்லும், நீங்கள் தெரிவு செய்யிற கியரும்தான்.

கியர் தெரிவுக்குக் காசு இல்லை, அதால அதை முதல்ல பழகுங்கோ. கினிகத்தேனையில இருந்து ஹட்டனுக்கு ஏறேக்க டி-யில விட்டிட்டு அக்சிலேட்டரை அமத்திக்கொண்டு போகாதேங்கோ. கியர் நாலுக்கும் அஞ்சுக்கும் இடையில தாவிக்கொண்டு, லொக்-அப் விட்டு விட்டுப் பிடிக்கும். மனுவல் பக்கத்துக்குத் தட்டி மூண்டில வையுங்கோ. இஞ்சின் 2,500 சுத்தில சத்தம் போடும், போடட்டும். சுத்து கூட இருந்தா முறுக்கு குறைவாப் போதும், கன்வேர்ட்டர் வழுக்கிறதும் குறையும், ஒயில் பம்ப்பும் வேகமாச் சுத்தும். ஏத்தத்தில வரிசையில நிக்கேக்க அக்சிலேட்டரால வாகனத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஆகக் கெட்ட பழக்கம். சில்லு நிக்குது, இஞ்சின் சுத்துது, முழுச் சக்தியும் சூடு. கராஜில இதே நிலையில செய்யிற ஸ்டோல் டெஸ்ட்டை 5 செக்கனுக்கு மேல செய்யக் கூடாது எண்டு மனுவலில போட்டிருக்கிறது அதாலதான். பிரேக்கால பிடியுங்கோ.

மணலிலயும் சேத்திலயும் ஊர்ந்து போகேக்க 4எல் (நாலு சில்லும் இழுக்கிற லோ கியர்) போடுங்கோ. சில்லுக்குப் போற விசை ரெண்டு, ரெண்டரை மடங்காகும், கன்வேர்ட்டருக்குப் பாரம் இறங்கும். தார் றோட்டில மட்டும் கவனம். பிராடோவில நடு டிஃப்பை (முன், பின் சில்லுகளுக்கு விசையைப் பிரிக்கிறது) லொக் பண்ணாமலே 4எல் போகும். மொன்டெரோவின்ர சுப்பர் செலெக்ட் எண்ட நாலு சில்லு முறையில 4எல் எண்டா நடு டிஃப் லொக் ஆகித்தான் வரும், அதைக் காய்ஞ்ச தாரில போடக் கூடாது.

இப்ப கூலர். அடுக்குத் தகடு வகை வாங்குங்கோ, ஒரு ஏ4 தாள் அளவு போதும். ஆகப் பெருசைப் போட்டா ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போற காத்தை மறைக்கும். பஞ்சிகாவத்தையில பழைய சாமான் கனக்க நல்லது கிடைக்கும், ஆனா கூலரைப் பழசா வாங்காதேங்கோ. செத்த கியர்பொக்ஸில இருந்து கழட்டினதா இருந்தா, கிளட்ச் தூளும் இரும்புத் தூளும் தகடுகளுக்குள்ள இறுகியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது, உங்கட கியர்பொக்ஸுக்குள்ள வந்து சேரும்.

பூட்டுற இடம் ஏசி கண்டென்சருக்கு முன்னால, ஒரு 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு. பிளாஸ்டிக் டையை ரேடியேட்டர் தகட்டுக்குள்ளால குத்திக் கட்டுற வேலையைச் செய்யவே விடாதேங்கோ. அதிர்வில அது தகட்டை அராவி ஒரு நாள் ஓட்டை போடும். சேசியில இருந்து ரெண்டு இரும்புப் பட்டி எடுத்து போல்ட் போட்டுப் பூட்டச் சொல்லுங்கோ. குழாய் வாய் ரெண்டும் மேல பாக்க அல்லது பக்கவாட்டில இருக்க வேணும். கீழ பாத்தா உள்ள காத்து தங்கி, கூலரில பாதி சும்மா இருக்கும்.

ஒயில் போற ஒழுங்கு: கியர்பொக்ஸில இருந்து ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கம்பனிக் கூலர், அங்க இருந்து புதுக் கூலர், அங்க இருந்து திரும்பக் கியர்பொக்ஸ். கம்பனிக் கூலரை வெட்டி விட வேண்டாம். நுவரெலியாக் குளிரில விடிய ஸ்டார்ட் பண்ணேக்க ஒயிலைச் சூடாக்கிறதும் அதுதான். திரும்பி வாற குழாய் எது எண்டு தெரியாட்டா, குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணித் தொட்டுப் பாருங்கோ. முதல்ல சூடாகிறது கியர்பொக்ஸில இருந்து வாறது, மற்றது திரும்பிப் போறது. சில வாகனத்தில தேர்மோஸ்டெட் வால்வு இருக்கும். அதில ஒயில் சூடாகும் வரைக்கும் கூலருக்கு ஒயிலே போகாது, பூட்டின உடனே கூலர் குளிரா இருந்தாப் பயப்பிடாதேங்கோ.

ஹோஸ் கட்டாயம் கியர்பொக்ஸ் ஒயிலுக்கு எண்டு எழுதினதா இருக்க வேணும். பெற்றோல் ஹோஸும் ரேடியேட்டர் ஹோஸும் இந்தச் சூட்டிலயும் ஒயிலிலயும் ஊதி வெடிக்கும். குழாய் நுனியில புடைப்பு இருக்க வேணும், ஹோஸை 25 மில்லிமீற்றர் உள்ள தள்ளி, கிளிப்பைப் புடைப்புக்கு உள்பக்கமா இறுக்குங்கோ. இந்த ஹோஸ் ஒண்டு கழண்டா ஒரு சில நிமிஷத்திலயே கியர்பொக்ஸ் வெறுமையாகும்.

பூட்டி முடிய ஓட்டத்தை அளந்து பாக்கலாம். ஒயில் சூடா இருக்கேக்க திரும்புற ஹோஸைக் கழட்டி அளவுப் போத்தலில விட்டு, ஐடிலில ஸ்டார்ட் பண்ணுங்கோ. 20இல இருந்து 30 செக்கனுக்குள்ள ஒரு லீற்றர் வந்தா நல்லம். ஒரு லீற்றரோட நிப்பாட்டுங்கோ, பம்ப்பைக் காய விடக் கூடாது. மெதுவா வந்தா எங்கயோ அடைப்பு. எடுத்த ஒயிலைப் பதிலுக்குப் புதுசா விட்டு, கூலர் நிரம்பக் கிட்டத்தட்ட அரை லீற்றரும் கூட விட வேணும். அளவு பாக்கிறது மனுவலில சொன்ன சூட்டில மட்டும். குச்சி இல்லாத கியர்பொக்ஸில வழிஞ்சோடுற நட்டைக் கழட்டித்தான் பாக்கிறது, சூடு தப்பினா அளவும் தப்பும்.

ஒயில் வகையில விட்டுக்குடுக்காதேங்கோ. டபிள்யூஎஸ் கேக்கிற டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், எஸ்பி-3 கேக்கிற மிட்சுபிஷிக்கு எஸ்பி-3. 'எல்லாத்துக்கும் சரி' எண்டு தாற போத்தலில உங்கட இலக்கம் இல்லையெண்டா வேண்டாம். பழைய ஒயில் கறுத்து, கருகின மணம் வந்தா மெஷினால ஃபிளஷ் பண்ண வேண்டாம். தட்டைக் கழட்டி வடிச்சா மூண்டு நாலு லீற்றர்தான் வரும், அந்த அளவைப் புதுசா விடுங்கோ. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா மூண்டு தரம் இப்பிடிச் செய்தா பெரும்பகுதி புதுசாகிடும்.

இன்னொண்டு, வாகன இறக்குமதி 2020 மார்ச்சில இருந்து 2025 வரை நிண்டதால இங்க ஓடுற ஜீப்புகளில பழசு கனக்க. பழைய ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலர் உக்கினா, கூலன்ட்டும் ஒயிலும் கலந்து ரோஸ் நிறப் பால் மாதிரி வரும். அதோட ஓடினா கியர்பொக்ஸ் முடிஞ்சுது. பத்து வருஷம் தாண்டின ரேடியேட்டர் எண்டா, கூலர் பூட்டுற அண்டைக்கே அதையும் மாத்துங்கோ.

டயர் விஷயத்துக்குத் திரும்பி வாறன். 265/65இல பாரக் குறியீடு 112 எண்டா, ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். புது டயர் அதை விடக் குறைய வேண்டாம். 285/70க்கு றிம் அகலம் ஆகக் குறைஞ்சது 7.5 அங்குலம். பக்கச்சுவரில நாலு இலக்கம் பாருங்கோ, 2325 எண்டா 2025ஆம் ஆண்டு 23ஆம் கிழமை. எல்டி டயருக்குப் பழைய 29 பீஎஸ்ஐ காணாது, 35இல இருந்து 38 வரை வரும், டயர்க் கம்பனியின்ர பார அட்டவணையைப் பாத்து வையுங்கோ. காத்துக் குறைஞ்ச டயர் இழுவையைக் கூட்டும், அதுவும் கியர்பொக்ஸ் சூடுதான்.

மீற்றரும் பிழைக்கும். 7 வீதம் எண்டா, முன்னம் மீற்றர் சரியா இருந்திருந்தால், 100 காட்டேக்க நீங்கள் 107இல போறீங்கள். தெற்கு ஹைவேயில எல்லை 100. சேர்விஸும் பிந்தும், மீற்றரில 5,000 எண்டா உண்மையில 5,350.

டிஃப் பல் மாத்துறீங்கள் எண்டா 3.9ஐ 7 வீதம் கூட்டினா 4.17 வரும், அதுக்குக் கிட்ட என்ன பல் கிடைக்குது எண்டு பாருங்கோ. முன் டிஃப், பின் டிஃப் ரெண்டிலயும் ஒரே பல் இருக்க வேணும். ஸ்பெயார் சில்லையும் மறக்காதேங்கோ. நாலும் 831, ஸ்பெயார் 776 எண்டா, எப்பவும் நாலு சில்லும் இழுக்கிற வாகனத்தில நடு டிஃப் ஓய்வில்லாமச் சுத்திச் சூடாகும். அஞ்சு டயரா வாங்குங்கோ.

எல்லாம் முடிய அதே கடுகண்ணாவை, அதே பின்னேர டிராஃபிக், அதே ஃபோன். எழுதி வச்ச எண்ணோட ஒப்பிடுங்கோ. அஞ்சு பாகைக்குள்ள கூடினா ஓடலாம். பதினைஞ்சு கூடினா கூலருக்குக் காத்துப் படுதா, ஒயில் அளவு சரியா எண்டு முதல்ல பாருங்கோ. டிராஃபிக்கில 120 வந்தா ஓரமா விட்டு, நியூட்ரலில போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, 1,200, 1,500 சுத்தில ரெண்டு மூண்டு நிமிஷம் வையுங்கோ. இஞ்சினை உடனே நிப்பாட்டினா ஒயில் ஓட்டமும் நிண்டிடும். 500 கிலோமீற்றரில ஹோஸ் கிளிப் எல்லாத்தையும் ஒருக்கா இறுக்கி, கீழ ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரிச்சு விட்டு, விடிய சிவப்புச் சொட்டு விழுந்திருக்கா எண்டு பாருங்கோ.