இரண்டு பாட்டுகளுக்கு இடையிலுள்ள அரை நிமிடம்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஊடகவியல் படிக்க வந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இசை வானொலி நிலையங்களின் போட்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, நான் இன்றைய பண்பலைகளிலிருந்து தொடங்குவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானோ எழுபது ஆண்டுகள் பின்னே போகப் போகிறேன். ஒரே இசைத்தட்டை இருவர் சுழற்றும்போது கேட்பவர் ஏன் ஒருவரிடம் மட்டும் போய்ச் சேருகிறார் என்ற கேள்விக்கு, இலங்கை வானொலிக்கும் அகில இந்திய வானொலிக்கும் இடையே நடந்த போட்டியைப் போல விடை சொல்லும் நிகழ்வு இந்தத் துணைக்கண்டத்தில் வேறில்லை என்பது என் எண்ணம்.

நான் பிறந்தது கோடியக்கரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு வால்வு வானொலிப் பெட்டி இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டும். கடைக்காரர் அந்த உரிமப் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். பணம் போய்ச் சேர்ந்தது இந்திய அரசுக்கு. பெட்டியின் முள் காலையிலிருந்து இரவு வரை நின்றது கொழும்பில். இந்த முரணை அன்று யாரும் முரணாகவே நினைக்கவில்லை. ஆனால் தொழில் என்ற கோணத்தில் பார்த்தால் கதையின் பாதி இதில் அடங்கியிருக்கிறது. உரிமக் கட்டணத்தில் வாழ்ந்த நிலையத்துக்கு, நேயர் போய்விட்டாலும் வருவாய் போகாது. விளம்பரத்தில் வாழ்ந்த நிலையத்துக்கு நேயர்தான் சோறு.

கொழும்புக்கு அந்தப் பெரிய குரல் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்காக இலங்கையில் ஒரு வலுவான சிற்றலை ஒலிபரப்பியை நிறுவியது. போர் முடிந்தபின் அது இலங்கையின் கைக்கு வந்தது. சிற்றலை, வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவில் இறங்கும் தன்மையுடையது. ஆகவே ஒரு சிறிய தீவு, இமயம் வரை கேட்கக்கூடிய குரலைப் போகிறபோக்கில் பெற்றுவிட்டது. 1950-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அங்கே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. அதை நடத்திக் கொடுக்க, நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்தவர் கிளிஃபோர்டு டாட் என்ற ஆஸ்திரேலியர்.

இரண்டாண்டு கழித்து எதிர்முனையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. 1952-இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் செவ்வியல் இசையில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். திரைப்பாட்டு நாட்டின் செவியைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பிய அவர், அதற்கான நேரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரம் ஆகும் என்பதால் பாடகர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்ற நடைமுறையும் வந்தது. படத்தயாரிப்பாளர்கள் சினந்து, பாடல்களை ஒலிபரப்பக் கொடுத்திருந்த இசைவைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களுக்குள் இந்திய வானொலியில் திரைப்பாட்டு அநேகமாக நின்றே போயிற்று.

இந்த இடத்தில் கேஸ்கரைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் அவ்வாறு செய்ய மாட்டேன். தேசிய இசை நிகழ்ச்சி 1952-இல் அவர் காலத்தில்தான் தொடங்கியது. வானொலி இசை விழாவும், சிதார் கலைஞர் ரவிசங்கர் வழிநடத்திய வாத்திய விருந்தா என்ற வாத்தியக் குழுவும் அவர் காலத்தவை. கலைஞர்களைத் தேர்வு வைத்துத் தரம் பிரித்து, அதற்கேற்பச் சன்மானம் வழங்கிய ஒழுங்குமுறை, அரண்மனை ஆதரவை இழந்து நின்ற நூற்றுக்கணக்கான வித்வான்களுக்குச் சோறு போட்டது. ஆக, இந்திய வானொலியில் தொழில் நேர்த்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நேர்த்தி முழுவதும் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரை நோக்கியே இருந்தது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரை அது நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

கொழும்பு அந்த நேயரைப் பார்த்தது. அங்கே ஒலித்த பாட்டுகள் இந்தியப் பாட்டுகள். விளம்பரம் தந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சந்தையை நாடிய நிறுவனங்கள். இந்தி நிகழ்ச்சிகளில் பல பம்பாயிலேயே பதிவு செய்யப்பட்டு, ஒலிநாடாக்களாக விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து வான்வழியே மறுபடி இந்தியாவுக்கே திரும்பின. இந்த நிகழ்ச்சிகளில் பாட்டு, பணம், குரல் மூன்றும் இந்தியாவுடையவையாக இருக்க, இலங்கைக்குச் சொந்தமாக இருந்தவை ஓர் ஒலிபரப்பியும் ஓர் அணுகுமுறையும் மட்டுமே. அந்த நாளின் இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று மூன்றரை நிமிடம் ஓடும். அந்த மூன்றரை நிமிடத்தில் யாரும் யாரையும் வெல்ல முடியாது. போட்டி முழுவதும் ஒரு தட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள அரை நிமிடத்தில்தான் நடந்தது.

அந்த அரை நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்கு இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானி ஓர் இலக்கணம் வகுத்தார். பினாகா என்ற பற்பசையின் பெயரைத் தாங்கிய கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சி கொழும்பில் 1952 டிசம்பர் 3 அன்று தொடங்கியபோது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. எழுதுவது, பேசுவது, வரும் கடிதங்களைப் படிப்பது எல்லாமே அவர் பொறுப்பு. அதற்குச் சம்பளம் வாரம் 25 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்து குவிந்ததைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய எளிய இந்துஸ்தானி வானத்திலிருந்து விழுந்ததன்று. அவருடைய தாயார் குல்சும் சயானி, புதிதாக எழுத்துக் கற்ற மக்களுக்காக ‘ரஹ்பர்’ என்ற இதழை நடத்தியவர். ஒரே மொழியை நாகரி, உருது, குஜராத்தி ஆகிய எழுத்துகளில் அச்சிட்ட அந்த இதழில் மகனும் உதவியாக இருந்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு எப்படி எழுத வேண்டும் என்று பழகிய கைதான், பின்பு கேட்பவருக்கு எப்படிப் பேச வேண்டும் என்றும் அறிந்திருந்தது.

அவர் செய்த இன்னொன்று தொழில் நேர்மை தொடர்பானது. பாட்டுகளை வரிசைப்படுத்தி அறிவிக்கும் நிகழ்ச்சியில், அந்த வரிசையை யார் முடிவு செய்கிறார்கள் என்ற ஐயம் முதல் நாளிலேயே எழும். தொடக்கத்தில் கடைகளில் விற்கும் இசைத்தட்டுகளின் எண்ணிக்கையே அளவுகோலாக இருந்தது. கடைக் கணக்கை வளைக்க முடியும் என்று தெரிந்தபோது, நாடெங்கும் இருந்த நேயர் மன்றங்களின் வாக்கையும் அதனுடன் சேர்த்தார்கள்; ஒன்றை வளைத்தாலும் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும். சூதாட்டம் போல ஆகியிருக்கக்கூடிய நிகழ்ச்சியை நாடு பல்லாண்டுகள் நம்பியதற்கு இனிய குரல் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

தமிழுக்கு வருகிறேன். வர்த்தக ஒலிபரப்பின் தமிழ்ப் பிரிவில் எஸ்.பி.மயில்வாகனம், பின்னர் கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் இவர்கள் பெயர்கள் நடிகர்களின் பெயர்களைப் போல வழங்கின. இவர்களிடம் நான் கவனித்த முதல் பண்பு, பாட்டின் உரிமையாளர்களை மறக்காமை. படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று நான்கையும் சொல்வார்கள். இங்கே படத்தின் பெயரைச் சொல்வதையே சலுகை என்று கருதிய நாளில், அங்கே கவிஞரின் பெயர் ஒவ்வொரு தட்டோடும் ஒலித்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் மிதிக்காதவர்கள்கூட எந்தப் பாட்டு எந்தக் கவிஞருடையது என்று சொல்வார்கள் என்றால் அது கொழும்பு போட்ட பாடம்.

இரண்டாவது பண்பு, உச்சரிப்பு. ழகரமும் ளகரமும் லகரமும் அவரவர் இடத்தில் நிற்கும். ராஜாவின் பேச்சு மின்னல் வேகத்தில் போகும். ஆனாலும் ஓர் எழுத்துகூடத் தேயாது. வேகத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டவர்கள் பின்னாளில் நிறைய வந்தார்கள். மூன்றாவது, நேரம். அந்த நாளில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்றே. 1996-இல்தான் இலங்கை தன் நேரத்தைச் சில ஆண்டுகளுக்கு மாற்றி வைத்தது. ஆகவே கொழும்பில் நேரம் சொன்னால் கோடியக்கரையில் கடிகாரத்தைத் திருப்பலாம். ‘பொங்கும் பூம்புனல்’ என்ற காலை நிகழ்ச்சி தொடங்கிவிட்டதென்றால் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். நிலையம் ஒரு நாள் இரண்டு நிமிடம் தவறியிருந்தால் ஓர் ஊரே தவறியிருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொன்னால்தான் நியாயம். நாங்கள் கொழும்பைக் கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் யாழ்ப்பாணத்தார் திருச்சி வானொலியை விரும்பிக் கேட்டார்கள். அங்கிருந்து வந்த நாகசுரக் கச்சேரியும் நாடகமும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. பாக்கு நீரிணையின் மேலே இரண்டு குரல்கள் எதிரெதிராகக் கடந்து சென்றுகொண்டிருந்தன. யார் எதை நேர்த்தியாகச் செய்தாரோ அதற்குரிய நேயர் கடல் தாண்டியும் அவரைத் தேடி வந்தார்.

இனி, தோற்றுக்கொண்டிருந்த நிலையம் என்ன செய்தது என்று பார்ப்போம். மாணவர்களாகிய நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி இதுதான் என்று கருதுகிறேன். அயல்நாட்டு ஒலிபரப்பை வசைபாடியோ, பெட்டியில் முள் அந்தப் பக்கம் திரும்பாமல் தடுத்தோ இந்திய வானொலி விடை சொல்லவில்லை. 1957 அக்டோபர் 3 அன்று, திரைப்பாட்டுக்கும் இடம் தரும் விவித் பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கியது. அப்போதும் அமைச்சர் அதே கேஸ்கர்தான்! தாம் மூடிய கதவைத் தம் கையாலேயே திறக்கும் நிலை ஓர் அமைச்சருக்கு வாய்ப்பது அரிது; அதைச் செய்வது இன்னும் அரிது. பொறுப்பை அதிகாரி ஒருவரிடம் கொடுக்காமல் நரேந்திர சர்மா என்ற கவிஞரிடம் ஒப்படைத்தார்கள். அவர் கொழும்பை நகலெடுக்க முயலவில்லை. விளம்பரம் இல்லாத நிலையத்தில் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்: எல்லையில் நிற்கும் வீரர்களுக்காக ஜெய்மாலா, சிறு நாடகங்களுக்காக ஹவா மஹல் என்று திரைப்பாட்டைச் சுற்றிப் புதிய வடிவங்களை அமைத்தார். சென்னை விவித் பாரதியின் ‘தேன்கிண்ணம்’ பல தலைமுறை நேயர்களின் நாவில் இன்றும் இனிக்கிறது.

பத்தாண்டு கழித்து, 1967 நவம்பரில், பம்பாய் வட்டாரத்தில் விவித் பாரதி விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. இலங்கை வானொலியின் பணப்பையில் கை வைத்தது இந்த அடிதான். இந்திய நிறுவனங்களுக்குத் தங்கள் பணத்தைக் கடல் கடத்த வேண்டிய தேவை குறைந்தது. சிற்றலையின் ஏற்ற இறக்கமும் இரைச்சலும் இல்லாத ஒலி உள்ளூரிலேயே கிடைத்தது. அயனி மண்டலம் யாருடைய தோழனும் அன்று. முன்பு கொழும்புக்கு ஊக்கம் கொடுத்த அதே சிற்றலை இப்போது அதன் குறையாகிவிட்டது. இருந்தாலும் தமிழ்க் கரையில் கொழும்பின் பிடி உடனே தளரவில்லை. குரலில் பழகியவர்கள் தெளிவுக்காக மட்டும் மாறிவிடுவதில்லை.

இன்றைய நிலையைப் பற்றி ஒரு சொல். தனியார் பண்பலை நிலையம் ஒன்றில் நான் சில காலம் வேலை பார்த்தேன். அங்கே ஓர் இளைஞரின் வேலை, காதில் கருவியை மாட்டிக்கொண்டு போட்டி நிலையத்தைக் கேட்டு, எந்த மணிக்கு எந்தப் பாட்டு போட்டார்கள் என்று பட்டியல் எழுதுவது. மறுநாள் காலையில் அந்தப் பட்டியல் எங்கள் மேசைக்கு வரும். அதைப் பார்த்து எங்கள் பட்டியல் மாறும். எங்களுடையதைப் பார்த்து அவர்களும் அவ்வாறே மாற்றியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாட்டின் பல நகரங்களில் போட்டி நிலையங்களின் ஒலி ஒரே பொதுக் கோபுரத்திலிருந்துதான் புறப்படுகிறது. அரசின் கொள்கையே அவ்வாறு வகுத்திருக்கிறது. அதிலே தவறில்லை. கோபுரத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் பட்டியலையும் பகிர்ந்துகொண்டதுதான் எனக்கு உறுத்தியது. மூன்றரை நிமிடத்துக்காகப் போராடினோம். அரை நிமிடத்தைப் பரிசுப் போட்டிக்கும் கூச்சலுக்கும் கொடுத்துவிட்டோம். அந்தப் பட்டியலில் போட்டி அறிவிப்பாளர் என்ன பேசினார் என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. சயானியையோ ராஜாவையோ அந்தத் தாளில் எங்கே எழுதுவது?

ஒரு செய்தியைச் சொல்லி இறங்குகிறேன். மற்ற விளம்பரதாரர்கள் பலர் இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் கீத்மாலா கொழும்பிலேயே இருந்தது. அந்த நிலையத்தின் முத்திரை நிகழ்ச்சியாக முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஒலித்தது. 1989-இல் அது விவித் பாரதிக்கு வந்து சேர்ந்தது. எந்த நிகழ்ச்சிக்கு விடை சொல்ல வேண்டும் என்று விவித் பாரதி பிறந்ததோ, அந்த நிகழ்ச்சியே அதன் கூடத்துக்குள் வந்து அமர்ந்தது. சயானி தம் பாணியில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. கொழும்பு வழியே முப்பத்தாறு ஆண்டுகள் சொன்ன அதே வணக்கத்தை, சகோதரிகளை முதலிலும் சகோதரர்களைப் பின்னும் வைத்து, அங்கேயும் சொன்னார்.

நன்றி. வணக்கம்.