கைக்குப் பழகாதது எல்லாம் கைக்கு ஆகாததா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சித்திரை முதல் நாளில் பாம்பன் கடற்கரைக் காற்றையும் மணலையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஸ்விட்ச் 2 கன்ட்ரோலர் வரமா, வம்பா?' என்பது தலைப்பு. வரமே என்று பேச வந்திருக்கிறேன். விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஸ்விட்ச் 2 என்ற தன் அடுத்த கேம் கன்சோலை, அதாவது வீடியோ கேம் ஆடும் கருவியை, விலையோடும் விவரத்தோடும் அறிவித்தது. ஜூன் 5 முதல் விற்பனை. அதன் திரைக்கு இரண்டு பக்கமும் ஜாய்கான் என்ற, கையில் பிடித்து ஆட்டத்தை இயக்கும் சின்னக் கன்ட்ரோலர்கள் காந்தத்தால் ஒட்டிக்கொள்கின்றன. அதில் ஒன்றைக் கழற்றி, உட்பக்க விளிம்பு கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்தி நகர்த்தினால், அது கம்ப்யூட்டர் மவுஸ் போல வேலை செய்யும். அருமை என்று பாதிப் பேரும், இது எதற்கு என்று பாதிப் பேரும் அன்றைக்கு ஆரம்பித்த சண்டைதான் இன்று இந்த மேடை வரை வந்திருக்கிறது.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி விலையைச் சொன்னார். அமெரிக்காவில் அறிவித்த விலை 449.99 டாலர், நம் பணத்தில் 38,000 ரூபாய்க்கு மேல். மரியோ கார்ட் வேர்ல்டு என்ற ஒரு கேமுக்கு மட்டும் ஏறக்குறைய 80 டாலர். தம்பி, அதில் நான் உங்கள் கட்சி. அந்த விலை அநியாயம்தான். ஆனால் விலை மேல் இருக்கிற கோபத்தைக் கன்ட்ரோலர் மேல் காட்டினால் எப்படி?

அப்புறம் பேசிய அக்கா, "அவ்வளவு மெல்லிசான பொருளை விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் கை வலிக்கும், நம் வீடுகளில் மேசை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முன்கூட்டியே சோதித்துப் பார்த்த செய்தியாளர்கள், தொடை மேல் பேன்ட் துணியில் வைத்துத் தேய்த்தாலும் வேலை செய்கிறது என்கிறார்கள். தரையில் பாய் விரித்து விளையாடுகிறவனுக்கு அது போதும். மணிக்கணக்கில் பிடித்தால் வலிக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் மவுஸ், மற்ற நேரம் வழக்கம் போலப் பொத்தான்.

அந்த அறிவிப்பில் என்னை உலுக்கிய காட்சியைச் சொல்கிறேன். சக்கர நாற்காலிக் கூடைப்பந்து விளையாட்டு ஒன்றைக் காட்டினார்கள். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, இரண்டு ஜாய்கானும் மேசை மேல். இரண்டையும் சேர்த்து முன்னே தள்ளினால் நாற்காலி ஓடுகிறது. ஒரு கையை மட்டும் தள்ளினால் திரும்புகிறது. கையை உயர்த்தி மணிக்கட்டைச் சுண்டினால் பந்து கூடைக்குப் போகிறது. சக்கரத்தைத் தள்ளும் கையசைவுதான் அங்கே விளையாட்டே. இதை எந்தப் பழைய கன்ட்ரோலரில் கொடுப்பீர்கள்?

இங்கே சின்னப்பாலம் ஊரில் என் சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் கிழியாமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார். அப்படியும் கட்டைவிரல் முழுக்க வெட்டுக்காயம். வீட்டில் கிடந்த கேம் கன்ட்ரோலரை ஒரு முறை கையில் கொடுத்தோம். அந்தக் குட்டிக் குட்டிப் பொத்தான்களை ஒரு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு மாமா சிங்கப்பூரிலிருந்து நின்டெண்டோவின் பழைய கன்சோலான வீ கொண்டுவந்தார். பந்து உருட்டும் விளையாட்டு. ரிமோட்டுக்கு அடியில் ஒரு பொத்தான், அதைப் பிடித்துக்கொண்டு கையை வீசிவிட்டு விட வேண்டும், அவ்வளவுதான். சித்தி எழுந்து நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு வீசினார். அதன்பிறகு ரிமோட்டை எங்களுக்குத் தரவே இல்லை.

அந்த ரிமோட்டை 2005ல் டோக்கியோ கேம் ஷோவில் நின்டெண்டோவின் அன்றைய தலைவர் சடோரு இவாடா காட்டியபோது, "டிவி ரிமோட்டை வைத்தா கேம் ஆடுவது?" என்று கேட்டவர்கள் ஏராளம். அந்த வீ 10 கோடிக்கு மேல் விற்றது.

"அடுத்து வந்த வீ யூ என்ன ஆனது?" என்று எதிரணி கேட்கும், தெரியும். 2012ல் கன்ட்ரோலருக்குள்ளேயே திரை வைத்து வந்தது, 1.35 கோடியோடு நின்றுபோனது. உண்மை. புதுக் கன்சோலா, பழையதற்கு ஒரு துணைப்பொருளா என்றே பலருக்குப் புரியவில்லை. ஆனால் டிவி இல்லாமல் கையிலேயே ஆடலாம் என்ற அந்த எண்ணம் சாகவில்லையே! 2017ல் அதுதான் ஸ்விட்ச் ஆக வந்து, 15 கோடியைத் தாண்டிவிட்டது. அன்று விநோதமாக முயன்று பார்க்காவிட்டால் இது வந்திருக்குமா?

பழகியதே போதும் என்கிறீர்களே, அந்தப் பழகியது எங்கிருந்து வந்தது? கூட்டல் குறி போன்ற பொத்தான் 1982ல் நின்டெண்டோவின் கும்பெய் யோகோய் கொண்டுவந்த புதுமை. கட்டைவிரலால் சுழற்றும் குச்சி, 1996ல் மூன்று கைப்பிடி வைத்த நின்டெண்டோவின் ஒரு விநோதக் கன்ட்ரோலரின் நடுவில் இருந்தது. இதோ, நம் கண்ணெதிரே பாம்பன் ரயில் பாலம் நிற்கிறது. 1914 முதல் ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறந்த பாலத்தையே பார்த்துப் பழகிய நாம், புதுப் பாலத்தின் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் என்றபோது சந்தேகப்படவில்லையா? 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்துவைத்தார்கள், ஏறுகிறது, இறங்குகிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. விளையாடுகிறவர்கள் என்று நீங்கள் சொல்லும்போது யார் யாரைக் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள்? ஏற்கெனவே விரல் பழகியவர்களை மட்டுமா, என் சித்தியையும் சேர்த்தா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் வம்பு என்று வாதாடுங்கள். நன்றி, வணக்கம்.