மழை பெய்யும் படம்

வணக்கம். நடனத்தைப் பற்றி வானொலியில் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதால் கேட்கச் சொல்கிறேன். ஆனால் இன்று நான் பேசப்போகும் படத்தை நேரில் பார்த்தாலும் பாதியை நீங்களேதான் மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். அவ்வளவு மங்கல். சமீபத்தில் அக்கா மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். முதல் நிமிடத்திலேயே, "என்ன சித்தி, ஒரே மழையா இருக்கு? கலரும் இல்லையா?" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், அது கலரில் ஒளிபரப்பான நிகழ்ச்சி.

1955 டிசம்பர் 12, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 'உறங்கும் அழகி' என்ற பாலேயை, அதாவது மேற்கத்திய மேடை நடனத்தை, நேரலையாக ஒளிபரப்பியது. ஆடியவர்கள் லண்டனிலிருந்து வந்த சாட்லர்ஸ் வெல்ஸ் குழுவினர். இளவரசி அரோராவாக மார்கோ ஃபான்டெய்ன், அப்போது அவருக்கு வயது 36. இளவரசனாக மைக்கேல் சோம்ஸ். சுமார் 3 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்குக் கலர்ப் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. ஆகவே பெரும்பாலானோர் பார்த்ததும் கறுப்பு வெள்ளைதான்.

சரி, கலர் எங்கே போயிற்று? நேரலையைப் பதிவு செய்ய அப்போது வீடியோ நாடா கிடையாது. ஆம்பெக்ஸ் நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது அடுத்த ஆண்டில்தான். அதுவரை ஒரே வழி, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு சினிமா காமிராவை நிறுத்தி ஓடவிடுவது. இன்று நாம் டிவியில் ஓடுவதைக் கைபேசியில் பிடித்து யாருக்காவது அனுப்புகிறோமே, அதேதான். இதற்குக் கினஸ்கோப் என்று பெயர். நமக்குக் கிடைத்திருப்பது அப்படி எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருள். முகங்கள் சில இடத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கும், பின்னணி சாம்பலாய்க் கரைந்து போயிருக்கும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. குழந்தையின் பெயர் சூட்டு விழாவுக்குத் தேவதைகளை அழைக்கிறார்கள், பட்டியலில் கராபோஸ் என்ற ஒரு பெயர் விட்டுப்போகிறது. பத்திரிகை வைக்க மறந்த உறவு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாபம், ஊசி முனை, நூறு வருடத் தூக்கம். சாய்கோவ்ஸ்கி இசையில், மாரியஸ் பெட்டிபா நடன அமைப்பில் 1890-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் மேடையேறியது. அப்போது கராபோஸாக ஆடியது என்ரிகோ செக்கெட்டி என்ற ஆண் கலைஞர். 1955 படத்திலும் அந்தச் சூனியக்காரி ஒரு ஆண்தான்: குழுவின் நடன அமைப்பாளர் ஃபிரெடரிக் ஆஷ்டன். மனிதர் அனுபவித்து ஆடியிருக்கிறார்.

இந்தக் குழுவுக்கு அந்தப் பாலே வெறும் ஒரு உருப்படி மாதிரி இல்லை. போர்க்காலத்தில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கைச் சோடி ஆட்டத்துக்கான ஹாலாக மாற்றியிருந்தார்கள். போர் முடிந்து 1946 பிப்ரவரியில் அரங்கம் திரும்பத் திறந்தபோது இதைத்தான் ஆடினார்கள். துணிக்கே ரேஷன் இருந்த ஊரில் அரண்மனை உடைகளோடு. 1949-இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் காலடி வைத்தபோதும் இதே பாலே, இதே ஃபான்டெய்ன். அந்த ஒரு இரவில் அமெரிக்கா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

அப்புறம், நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். ரோஜா அடாஜியோ என்பார்கள்; அடாஜியோ என்றால் மெதுவான ஆட்டம். பிறந்தநாள் விழாவுக்கு நான்கு இளவரசர்கள் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். அரோரா ஒற்றைக் கால் விரல் நுனியில் நிற்கிறாள். மற்றக் கால் பின்னால் மடங்கி உயர்ந்திருக்கிறது. ஒரு கையை முதல் இளவரசன் பிடித்திருக்கிறான். அந்தக் கையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வளைத்து, ஆதரவே இல்லாமல் நிற்க வேண்டும். அப்புறம் நிதானமாக இறக்கி அடுத்தவன் கையைப் பிடிக்க வேண்டும். இப்படி நால்வரிடமும். கடைசிச் சுற்றில் இன்னும் கடினம். ஒவ்வொருவனும் அவளை நின்ற இடத்திலேயே ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுக் கையை விடுவான். அந்தக் காலணியின் முனைக்குள் இரும்பு எதுவும் இல்லை. பசை தடவி அடுக்கிய துணியும் காகிதமும்தான். மொத்த உடம்பும் ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரிய இடத்தில் நிற்கிறது.

இன்றைக்கு ஆடுகிறவர்கள் பின்காலை இன்னும் உயரமாகத் தூக்குகிறார்கள், அதிக நேரமும் நிற்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலர் நிற்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, சர்க்கஸ் பார்ப்பதுபோல. ஃபான்டெய்ன் கால் அவ்வளவு உயரவில்லை. முதுகிலிருந்து கால் நுனிவரை ஒரே கோடு. கையை எடுக்கும்போது முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு மாறவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வெட்கமும் பெருமிதமுமாக நிற்கும் ஒரு பெண்தான் தெரிகிறாள். அது நேரலை என்பதை மறந்துவிடாதீர்கள். தடுமாறினால் வெட்டி ஒட்ட வழியில்லை. கலர்க் காமிராக்களுக்கு வெளிச்சமும் ஏகத்துக்கு வேண்டும், அந்த விளக்குச் சூட்டில்தான் இத்தனையும்.

குறையும் உண்டு. மேடையில் மூன்று மணி நேரத்தை நெருங்கும் பாலேயை ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்குள் அடக்கியிருக்கிறார்கள். கத்தரி விழுந்தது தெரிகிறது. ஆனால் சாபத்தைத் தணிக்கும் நல்ல தேவதையான லைலாக் தேவதையாக பெரில் கிரே வரும்போதெல்லாம் அதை மன்னித்துவிடுகிறேன்.

அக்கா மகள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், "அந்த ரோஜாப்பூ டான்ஸ்ல அவங்க டிரஸ் என்ன கலர்?" என்று கேட்டாள். ஆலிவர் மெஸ்ஸல் 1946-இல் அந்தப் பாலேக்கு வரைந்த உடைகளையும் அரங்கையும் அடிப்படையாக வைத்து 2006-இல் லண்டனில் அதைத் திரும்ப மேடையேற்றினார்கள். அந்தப் படங்களைத் தேடி எடுத்துக் காட்டினேன். ரோஸ் கலர்.

"நான் வெள்ளைன்னு நினைச்சேன் சித்தி" என்றாள்.

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி, வணக்கம்.