46 வாக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, காலையிலிருந்து சமையற்கட்டில் நின்றுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெர்த் வாழ் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

பையில் 50 டாலர் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பழங்குடி எழுத்தாளர் டேவிட் உனைப்பன், மறுபக்கம் எடித் கோவன். அந்த அம்மையாரின் குடும்பம், சமூகப்பணி, அரசியல் என மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். 1861இல் ஜெரால்டன் அருகே பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். 1876இல் தந்தை கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். விழா மேடையில் குடும்பக் கதை இந்த அளவு போதும்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். 1920இல் பெண்களும் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடலாம் என்று சட்டம் கொண்டுவந்தவர் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலச் சட்ட அமைச்சர் டிரேப்பர். 1921 மார்ச் 12இல், மேற்கு பெர்த் தொகுதியில், அவரையே தோற்கடித்தார் 59 வயது கோவன். கதவைத் திறந்துவிட்டவர் வெளியே நின்றார்! (சிரிப்பு) வித்தியாசம் 46 வாக்கு. ஆஸ்திரேலிய நாடாளுமன்றங்கள் எதிலும் அதற்கு முன் பெண் உறுப்பினர் இல்லை.

உள்ளே போனதும் எதைப் பேசினார்? குழந்தைவண்டியை! ரயிலில் ஏற்ற அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். தாய்மார்களே, காட்சியை நினைத்துப் பாருங்கள்: இடுப்பில் ஒன்று, கையில் மளிகைப்பை, பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இன்னொன்று. ரயில்வே அமைச்சரை இதே கோலத்தில் தெருவில் நடக்கவிட வேண்டும் என்றார் அம்மையார். (கைதட்டல்) நடந்திருந்தால் அமைச்சர் எந்தத் தெருமுனையில் பையைக் கீழே வைத்திருப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

1923இல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, வழக்கறிஞர் தொழிலைப் பெண்களுக்குத் திறந்தது. 1924இல் தோற்றார்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றேன். கவுன்சில் தேர்தல் உறை தபாலில் வந்தால் நம்மவர் என்ன செய்கிறார்கள்? விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில்! மேற்கு ஆஸ்திரேலியாவில் கவுன்சில் வாக்கு கட்டாயமில்லை. அபராதமில்லை என்றால் அக்கறையும் இல்லை. உறையைப் பிரித்துப் பாருங்கள். பிடித்தவருக்கு 1 எழுதுங்கள். விருப்பமிருந்தால் அடுத்தடுத்துப் பிடித்தவர்களுக்கு 2, 3. வாக்குச்சீட்டோடு வரும் வாக்காளர் சான்றுச் சீட்டில் கையெழுத்துப் போட மறந்தால் அந்த வாக்கு எண்ணப்படாது. தேர்தல் நாள் மாலை 6 மணிக்குள் உறை போய்ச் சேர்ந்தாக வேண்டும். கடைசி வாரத்தில் தபால்பெட்டியை நம்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். சமூகப்பணி அடுத்த கூட்டத்தில். நன்றி, வணக்கம்.