கடைசியில் அந்த வால்வு திரும்பிவிட்டது!

வணக்கம் மக்களே. பின்னால் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கண்டுகொள்ளாதீர்கள். சமையலறைக் குழாயை வேண்டுமென்றேதான் சொட்ட விட்டிருக்கிறேன். காரணம் அப்புறம். முதலில் நல்ல செய்தி: வால்வு திரும்பிவிட்டது!

போன குளிர்கால வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நடுராத்திரியில் குழாய் வெடித்து, வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று டார்ச்சோடு நான் அலைந்தேனே, அதே வால்வுதான். மாடிப்படிக்கு அடியில், நானே அடுக்கிய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. கண்டுபிடித்த பிறகும் அசையவில்லை. அன்றைக்கே அதற்கும் எனக்கும் பகை.

இன்று காலை உட்கார்ந்தேன். ஸ்பேனர் போட்டு ஓங்கி இழுக்கத்தான் கை துடித்தது. ஆனால் பழைய வால்வில் முரட்டுத்தனம் காட்டினால் உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிடும். அதனால் தண்டில் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருந்தேன். பிறகு மூடும் பக்கம் ஒரு மயிரிழை, திறக்கும் பக்கம் ஒரு மயிரிழை, மறுபடி மூடும் பக்கம். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். திடீரென்று 'கிரீச்' என்றது பாருங்கள், வெற்றி! முழுதாக மூடினேன், திறந்தேன், கடைசியில் கால் சுற்று மட்டும் பின்னால் திருப்பி வைத்தேன். முட்டுகிற அளவுக்குத் திறந்தே கிடந்தால் அது மறுபடி இறுகிக்கொள்ளும்.

சரி, சொட்டுகிற குழாய்க்கு வருகிறேன். இன்று இரவு மைனஸ் 9 டிகிரி என்கிறார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ஐஸ் விரிந்து குழாயைப் பிளக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நடப்பது வேறு. ஐஸ் ஒரு அடைப்பு மாதிரி வளர்ந்து, தனக்கும் மூடிய டேப்புக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. அந்த அழுத்தத்தில், உறையாத இடத்தில்கூடக் குழாய் வெடிக்கும். டேப் கொஞ்சம் திறந்திருந்தால் அழுத்தம் வெளியேறிவிடும். சொட்டுவது அதற்காகத்தான். கீழே பாத்திரம் வைத்திருக்கிறேன், தண்ணீர் வீணாகாது. வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவையும் திறந்தே வையுங்கள், வீட்டுச் சூடு உள்ளே போகட்டும்.

அட, முக்கியமானதை மறந்துவிட்டேன். வெளிக்குழாயில் தோட்டத்து ஹோஸ் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஹோஸில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் பின்னால் சுவருக்குள் போகும் குழாயையும் சேர்த்துக் கெடுக்கும். நான் நேற்றுதான் கழற்றினேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

அடுத்தது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒன்று, அறை ஹீட்டர். அம்மா அறைக்கு வேண்டும் என்பதால் வைத்திருக்கிறேன். திரைச்சீலை, படுக்கை எதுவும் அதற்கு ஒரு மீட்டருக்குள் இருக்கக்கூடாது. எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது, நேராகச் சுவர் பிளக்கில்தான். தூங்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும். கதவு, ஜன்னல் இடுக்கு வழியாகவும் குளிர் வருகிறது. ஒரு டிஷ்யூ காகிதத்தை ஜன்னல் ஓரமாகப் பிடித்துப் பாருங்கள், ஆடினால் அங்கே ஓட்டை. ரப்பர் பட்டை ஒட்டினால் தீர்ந்தது.

இப்போது கோபமான பகுதி. கார்பன் மோனாக்சைடு (எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் விஷவாயு) அலாரத்தில் மாதாமாதம் பட்டனை அழுத்தி, 'பீப்' என்றதும் நிம்மதியாகப் போவேன். இந்த வாரம் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், காலாவதியாகி இரண்டு வருடம்! அந்தப் பட்டன் சத்தம் வருகிறதா என்றுதான் சோதிக்கும், உள்ளே இருக்கும் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இரண்டு வருடம் நான் நம்பியது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை! புதிதாக மாட்டிவிட்டேன். கரியடுப்போ ஜெனரேட்டரோ குளிருக்காக வீட்டுக்குள் வரவே கூடாது. கதவு திறந்திருக்கும் கார் ஷெட்டும் இதில் வீட்டுக்குள் கணக்குதான்.

அம்மாவோடு ஸ்வெட்டர் சண்டை தொடர்கிறது. ஒரே கனத்த ஸ்வெட்டரை விட மெல்லிய உடைகள் இரண்டு மூன்று அடுக்காகப் போடுவது நல்லது, நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கும். "எனக்குக் குளிரவில்லை" என்பார். வயதானவர்களுக்குக் குளிர்வதே சரியாகத் தெரியாமல் போகலாம், அதுதான் பயம். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அவசர நிலை. பேச்சுக் குழறினாலோ, குழப்பமாக இருந்தாலோ உடனே மருத்துவ உதவி கூப்பிடுங்கள்.

சின்னவனுக்கு ஒன்றே ஒன்று: கார் சீட்டில் பஞ்சு கோட்டோடு பெல்ட் போடாதீர்கள். விபத்தில் கோட்டு அமுங்கி, பெல்ட் தளர்ந்துவிடும். பெல்ட்டை இறுக்கிவிட்டு, கோட்டை மேலே போர்த்திவிடுங்கள். கார் டயரில் காற்றும் பாருங்கள், குளிரில் குறையும்.

அப்புறம் அந்த வால்வைப் பற்றி இன்னொன்று, ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அதிலேயே கட்டித் தொங்க...

இருங்கள். சொட்டுகிற சத்தம் நின்றுவிட்டதே?

அம்மா! குழாயை மூடினீர்களா?