வெனிஸ் நகரத்து வக்கீல்

வணக்கம் நேயர்களே.

இத்தாலி விடுதலை என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வரும். ஒருவர் மாஜினி. பாரதியாரே பாடிவிட்டதால் தமிழ்நாட்டில் அவருக்கு அறிமுகம் தேவையில்லை. இன்னொருவர் கரிபால்டி, சிவப்புச் சட்டையும் குதிரையுமாக. இன்று நான் பேச வந்திருப்பது மூன்றாவது ஒருவரைப் பற்றி. இவருக்குச் சிவப்புச் சட்டை கிடையாது, குதிரையும் கிடையாது. இருந்திருந்தாலும் ஓட்ட வழியில்லை, ஏனென்றால் ஊர் வெனிஸ், தெருவுக்குத் தெரு தண்ணீர். குள்ளமான உருவம், மூக்குக் கண்ணாடி, ஓயாத உடல் உபாதை. தொழில் வக்கீல். பெயர் டேனியலே மானின்.

நானும் கறுப்புக் கோட்டுப் போட்டுப் பிழைத்தவன். அதனால் இந்த மனிதர் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

மானின் பிறந்தது 1804-இல். வெனிஸ் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தனிக் குடியரசாக இருந்த ஊர். அதன் தலைவருக்கு டோஜ் என்று பட்டம். நெப்போலியன் படையோடு வந்து மிரட்டியபோது, 1797-இல், சண்டை போடாமலே அதிகாரத்தைக் கைவிட்ட கடைசி டோஜின் பெயர் லுதோவிகோ மானின். அந்த மானினுக்கும் நம் மானினுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. நம்முடையவரின் தாத்தா ஒரு யூதர், மெதினா என்று குடும்பப் பெயர். அவர் கிறிஸ்தவரானபோது அந்தப் பிரபு குடும்பத்தார் ஒருவர் ஞானத்தந்தையாக நின்றார். அந்த வழக்கப்படி அவர்கள் பெயர் இவர்களுக்கு வந்தது. ஒரு மானின் கைவிட்ட குடியரசை, 51 ஆண்டு கழித்து, பெயர் மட்டும் வாங்கிய இன்னொரு மானின் திரும்ப நிறுவினார். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நாம் நம்பமாட்டோம்.

அப்பாவும் வக்கீல்தான். மகன் இருபது வயதுக்குள்ளேயே பதுவாவில் சட்டப் பட்டம் வாங்கிவிட்டார். பிறகு வெகுகாலம் சாதாரண வக்கீல் வாழ்க்கை, கட்சிக்காரர், கட்டு, வாய்தா. பொதுவில் பெயர் தெரிய ஆரம்பித்தது 1840-களில், மிலானிலிருந்து வெனிசுக்கு ரயில் பாதை போடும் கம்பெனி விவகாரத்தில். பாதை எந்த ஊர் வழியாகப் போவது என்று பங்குதாரர்களுக்குள் பெரிய தகராறு, ஒரு பக்கம் வியன்னா நகரத்து வங்கிக்காரர்கள். மானின் வெனிஸ்காரர்கள் பக்கம் நின்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாதாடினார். வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் அரசியல் பேசத் தடை இருந்த ஊரில், ரயில் பேசலாம், பங்கு பேசலாம் என்று ஒரு வழி திறந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லப்போகிறேன்.

நெப்போலியன் வீழ்ந்த பிறகு வெனிஸ் ஆஸ்திரியப் பேரரசின் கைக்குப் போயிற்று. 1815-இல் ஆஸ்திரியா ஒரு சட்டம் போட்டது. மிலானில் ஒரு சபை, வெனிஸில் ஒரு சபை. மக்களுடைய தேவைகளை, குறைகளை, பேரரசருக்கு எடுத்துச் சொல்வது அந்தச் சபைகளின் வேலை. காகிதத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்! முப்பது ஆண்டுக்கு மேல் அந்தச் சபைகள் வாய் திறக்கவில்லை. எவரும் திறக்கச் சொல்லவும் இல்லை.

1847 டிசம்பரில் மிலான் சபையில் நசாரி என்ற உறுப்பினர் துணிந்து எழுந்து, மக்களுக்கு ஏன் அதிருப்தி என்று விசாரிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மானின் உடனே பிடித்துக்கொண்டார். அவர் உறுப்பினர்கூட இல்லை. ஒரு குடிமகனாக வெனிஸ் சபைக்கு மனுப் போட்டார். மனுவின் சாரம் இதுதான்: முப்பது ஆண்டாக நீங்கள் எதுவும் கேட்கவில்லை. மக்களுக்குக் குறையே இல்லை என்று பேரரசர் நினைத்துக்கொண்டிருப்பார். சட்டம் உங்களுக்குக் கொடுத்த வேலையைச் செய்யுங்கள்.

கவனியுங்கள், இதில் எங்கேயாவது கலகம் இருக்கிறதா? ஆட்சி ஒழிக என்று ஒரு சொல் இல்லை. உன் சட்டம், உன் கையெழுத்து, உன் முத்திரை. அதை நடத்து, அவ்வளவுதான். அதே மாதக் கடைசியில் நிக்கோலோ தொம்மசேயோ என்ற எழுத்தாளர், பத்திரிகைத் தணிக்கையைப் பற்றி வெனிஸில் பேசினார். அவரும் அதே பாதைதான். தணிக்கையே கூடாது என்று அவர் பேசவில்லை. 1815 தணிக்கைச் சட்டம் எவ்வளவோ இடம் கொடுக்கிறது, அதிகாரிகள்தான் அந்தச் சட்டத்தை மீறுகிறார்கள் என்றார். அரசாங்கத்தைச் சட்டத்தை மீறியவன் என்று கூண்டில் ஏற்றுகிற வேலை இது. கோர்ட் வாசலை மிதித்தவர்களுக்கு இதன் ருசி தெரியும்.

ஜனவரியில் மானின் இன்னொரு மனுவில் கோரிக்கைகளை விரிவாகவே எழுதிவிட்டார். 1848 ஜனவரி 18 அன்று இருவரையும் கைது செய்தார்கள். மனுப் போட்ட குற்றத்துக்கு! மன்றாடிக் கேட்டவனைச் சிறையில் போட்டதும், அதுவரை ஒதுங்கி நின்ற வியாபாரிகள், படகோட்டிகள் எல்லோருக்கும் ஒன்று புரிந்துவிட்டது. சட்டப்படி கேட்டாலும் இதுதான் கதி. ஒரு துப்பாக்கியும் இல்லாமல் மானின் ஊருக்கு இதைக் காட்டிக்கொடுத்தார். நான் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். சொல்லத்தான் செய்வேன், ஏனென்றால் மார்ச் மாதத்துக் கொந்தளிப்பை மட்டும் சொல்லிவிட்டு இந்த மனுவை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

மார்ச் 17. வியன்னாவிலேயே புரட்சி, ஆஸ்திரியாவின் சர்வ வல்லமை படைத்த சான்சலர் மெட்டர்னிக் ஓடிவிட்டார் என்ற செய்தி கப்பலில் வந்து இறங்கியது. கூட்டம் ஆளுநர் பால்ஃபியின் மாளிகைக்குப் போய், மானினை விடு, தொம்மசேயோவை விடு என்று கத்தியது. விட்டார்கள். தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெளியே வந்த மானின் முதலில் கேட்டது, ஊர்க்காவலுக்கு ஒரு குடிமக்கள் படை. கலவரம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் என்று காரணம். ஆளுநர் அனுமதித்தார். அந்தப் படைதான் பிறகு ஆளுநரை அனுப்பிவைத்தது.

வெனிஸின் உயிர்நிலை அர்செனல். கப்பல் கட்டும் தளம், ஆயுதக் கிடங்கு இரண்டும் அதுதான். மார்ச் 22 காலை, கொடுமைக்காரர் என்று பெயர் வாங்கியிருந்த மரினோவிச் என்ற அதிகாரியை அங்கிருந்த தொழிலாளர்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். செய்தி கேட்ட மானின் குடிமக்கள் படையோடு உள்ளே போனார், ஆயுதக் கிடங்குச் சாவியைக் கேட்டு வாங்கினார். தடுக்க வந்த படையில் சிப்பாய்கள் இத்தாலியர்கள். சுடு என்று அதிகாரி உத்தரவிட்டும் அவர்கள் சுடவில்லை. பிற்பகலில் சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒரு மேசை மேல் ஏறி நின்று குடியரசை அறிவித்தார். அப்போதும், நாம் இத்தாலியச் சகோதரர்களை விட்டுப் பிரியவில்லை, ஒன்றுபட்ட இத்தாலிக்கு இது ஒரு படி என்ற கருத்தைச் சேர்த்தே சொன்னார்.

இன்னொரு பக்கம் ஆளுநர் மாளிகையில் பேரம். நகர சபை சார்பில் பேசியவர் அவெசானி, அவரும் வக்கீல்! தளபதி ஸிச்சி அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். இத்தாலியரல்லாத படைகள் மூன்று மாதச் சம்பளத்தோடு கப்பலேறிப் போய்விட வேண்டும் என்று ஒப்பந்தம். ஒரு பேரரசின் கோட்டை நகரம் ஒரே நாளில் கைமாறியது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. ஆஸ்திரியக் கடற்படை அப்போது எதிர்க்கரையில் போலா துறைமுகத்தில் நின்றது. மாலுமிகள் பெரும்பாலும் இத்தாலியர்கள். வெனிசுக்கு வாருங்கள் என்று ஒரு தகவல் போயிருந்தால் வந்திருப்பார்கள். தகவல் அனுப்பத்தான் செய்தார்கள். எதில் தெரியுமா? பதவி இழந்த ஆளுநர் பால்ஃபியை ஏற்றிக்கொண்டு போன அதே ஆஸ்திரிய நீராவிக் கப்பலில்! நடுக்கடலில் கேப்டனை வற்புறுத்தி, போலா பக்கம் திரும்பாமல் நேரே ஆஸ்திரியர் கையிலிருந்த திரியெஸ்தே துறைமுகத்துக்கு விடவைத்தார்கள். கடற்படை ஆஸ்திரியாவிடமே தங்கிவிட்டது. வழக்கில் ஜெயித்துவிட்டு, தீர்ப்பு நகலை எதிர்க்கட்சிக்காரன் கையில் கொடுத்தனுப்பின மாதிரி. ஓராண்டு கழித்து வெனிஸை முற்றுகை போட்டது அந்தக் கடற்படைதான்.

மானின் தலைமையில் அமைந்த அரசில் தொம்மசேயோ ஒரு அமைச்சர், தோஃபோலி என்ற தையல்காரர் ஒரு அமைச்சர், பிங்கெர்லே என்ற யூதர் ஒரு அமைச்சர். எல்லா மதத்தாருக்கும் சம உரிமை, தலைவரி ரத்து, உப்பு வரிக் குறைப்பு. உப்பு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும், அது வேறு கதை.

ஜூலையில் சோதனை வந்தது. ஆஸ்திரியாவோடு போரிட்டுக்கொண்டிருந்தவர் வடமேற்கு இத்தாலியில் இருந்த பியட்மாண்ட் ராஜ்ஜியத்தின் அரசர். அவர் ராஜ்ஜியத்தோடு வெனிஸைச் சேர்த்துவிடலாம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். மானின் முடியாட்சிக்காரர் அல்லர். ஆனால் ஊர் இரண்டுபட்டால் எதிரிக்குத்தான் லாபம் என்று, தன் குடியரசுக் கட்சிக்காரர்களையே விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பேசினார். ஜூலை 4 அன்று வாக்கு 127-க்கு 6. இணைப்பு நிறைவேறியது. அமைச்சர் பதவி கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். நேற்றுவரை அதிபர், இன்று குடிமக்கள் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சதுக்கத்தில் பாராப் போட்டார்.

ஆகஸ்டில் பியட்மாண்ட் அரசர் தோற்றுச் சமாதானம் செய்துகொண்டு, வெனிஸைக் கைவிட்டார். கொதித்த கூட்டத்தின் முன் மானின் வந்து, நாளை மறுநாள் சபை கூடும், அதுவரை 48 மணி நேரம் நான் ஆள்கிறேன் என்றார். அந்தப் பொறுப்பு ஓராண்டு நீடித்தது.

1849 ஏப்ரல் 2 அன்று சபை ஒரு தீர்மானம் போட்டது. எந்த விலை கொடுத்தும் எதிர்ப்போம், மானினுக்கு முழு அதிகாரம். இவ்வளவுதான் அதன் நீளம், வக்கீல்கள் நிறைந்த சபையில் இது ஒரு அதிசயம். மே மாதக் கடைசியில், கரைப் பக்கம் ஊருக்குக் காவலாக இருந்த மர்கேரா கோட்டை போனது. ஊரைக் கரையோடு சேர்க்கும் ரயில் பாலத்தின் வளைவுகளை வெனிஸ்காரர்களே தகர்த்தார்கள். ஆஸ்திரியர்கள் ஆளில்லாத பலூன்களில் வெடிகுண்டு கட்டிப் பறக்கவிட்டார்கள், காற்று திரும்பிச் சில அவர்கள் பக்கமே போய்விட்டன. ஜூலைக் கடைசியில் பீரங்கிக் குண்டுகள் ஊருக்குள் விழ ஆரம்பித்தன. அதோடு பசி, அதோடு காலரா. ஆகஸ்ட் 22 அன்று சரணடைந்தார்கள். அந்தப் புரட்சி அலையில் இத்தாலியில் கடைசியாக விழுந்த ஊர் வெனிஸ்தான். 40 பேருக்கு மன்னிப்பு இல்லை, நாட்டை விட்டே போக வேண்டும் என்று நிபந்தனை. அந்தப் பட்டியலில் மானின் உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை அசைகிறது. பாரிஸ் வாழ்க்கைக்குத் தனியாக ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். சுருக்குகிறேன். பாரிசுக்குப் போகும் வழியில் மார்செய்யில் மனைவி தெரேசா காலராவில் இறந்தார். மகள் எமிலியா நெடுநாள் நோயாளி, 1854-இல் போய்விட்டார். மானின் இத்தாலிய மொழி டியூஷன் எடுத்துப் பிழைத்தார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் பெண்களும் அவரிடம் படித்தவர்கள். 1855-இல் பியட்மாண்டை ஆண்ட சவோய் அரச குடும்பத்துக்குப் பகிரங்கமாகவே எழுதினார்: இத்தாலியை ஒன்றாக்குங்கள், நான் உங்களோடு இருக்கிறேன், இல்லையென்றால் இல்லை. அடுத்த ஆண்டு, அரசியல் கொலைகளை எதிர்த்து லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் எழுதியதால் மாஜினி பக்கத்து ஆட்களின் கோபத்தையும் சம்பாதித்தார். இத்தாலியை ஒன்றாக்க அவர் முன்னின்று தொடங்கிய தேசிய சங்கம் 1857-இல் உருவானது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று காலமானார். 1866-இல் வெனிஸ் இத்தாலியோடு சேர்ந்தது. 1868 மார்ச் 22 அன்று, அதே தேதி பார்த்து, அவர் உடலைப் பாரிசிலிருந்து கொண்டுவந்தார்கள். சான் மார்க்கோ தேவாலயத்துக்குள் இடம் கொடுக்கப் பாதிரிமார் சம்மதிக்கவில்லை. வடக்குச் சுவரை ஒட்டி, வெளியே, கல்லறை கட்டியிருக்கிறார்கள். வெனிஸ் போகிறவர்கள் தேவாலயத்துக்கு நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இதைப் பார்க்க வரிசையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. நன்றி, வணக்கம்.