லிஸ்டிலிருந்து ஒன்றை எடுக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். பைதன் என்ற நிரல் மொழியில், பலவற்றை வரிசையாக வைக்கும் லிஸ்டில் ஒன்றைச் சேர்ப்பது சுகம். எடுப்பதில்தான் கவனம் வேண்டும். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லடியில் மீன் விற்கும் ஒருவரின் இன்றைய சரக்கு என்று இப்படி எழுதுங்கள்: இறால், நண்டு, நண்டு, பாரை. பைதன் பூச்சியத்திலிருந்து எண்ணும். ஆகவே இறாலுக்குப் பூச்சியம், பாரைக்கு 3.

எடுப்பதற்கான கட்டளைகள் சில உண்டு. பெயர் தெரிந்தால் ரிமூவ். முதலில் அகப்படும் நண்டை மட்டும் எடுக்கும், மற்றது அப்படியே கிடக்கும். லிஸ்டில் இல்லாத சூரையை எடுக்கச் சொன்னால் வேல்யூ எரர் என்ற பிழைச் செய்தி வரும். இடம் தெரிந்தால் பாப். எடுத்ததை அது நமக்குத் திருப்பித் தரும், விற்ற கணக்கில் போட்டுக்கொள்ளலாம். இடம் சொல்லாவிட்டால் கடைசியில் இருப்பதை எடுக்கும். எடுத்தது நமக்கு வேண்டாம் என்றால் டெல் போதும். முழுவதையும் காலியாக்கக் கிளியர்.

சரி, பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இனிச் சொல்லப்போகும் இடத்தில்தான். லிஸ்டை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகும் ஃபோர் லூப் போட்டு, நண்டு வந்தால் ரிமூவ் செய் என்று எழுதுகிறார்கள். கொப்பியில் விரலை வைத்துக்கொண்டு வாருங்கள். பூச்சியத்தில் இறால், அதை விட்டுவிடுகிறது. 1-இல் நண்டு, எடுத்தாயிற்று. எடுத்தவுடன் பின்னால் இருந்தவை ஒவ்வொரு இடம் முன்னுக்கு நகர்கின்றன. இரண்டாவது நண்டு இப்போது 1-இல் இருக்கிறது. லூப்போ அடுத்ததாக 2-ஐப் பார்க்கிறது, அங்கே பாரை. அந்த நண்டை யாருமே பார்க்கவில்லை! எரர் ஒன்றும் வராது, விடை மட்டும் பிழையாகிவிடும். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு கஷ்டம்.

ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்டில் கைவைக்காமல், நண்டு அல்லாதவற்றை மட்டும் புதிய லிஸ்டாக எழுதிவிடுங்கள். லூப்பையும் நிபந்தனையையும் சேர்த்தெழுதிப் புதிய லிஸ்ட் உருவாக்கும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் அது ஒரே வரி. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதும் இதைத்தான். பழைய லிஸ்ட் கெடாமல் இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்று மாலை அந்த லிஸ்டில் நண்டை மூன்று தடவை அடுத்தடுத்து எழுதி, லூப்புக்குள் ரிமூவ் போட்டால் எத்தனை நண்டு மிஞ்சும் என்று முதலில் கொப்பியில் கணக்குப் பாருங்கள். அப்புறம் கணினியில் ஓட்டுங்கள்.